சமன்பாட்டுத் தொகுப்புக்கு எத்தனை தீர்வுகள்? ஒன்று இருக்கலாம், இரண்டு ஏன் இருக்காது?

இரண்டு எண்களைக் கூட்டினால் 10 வருகிறது. அந்த எண்கள் எவை?

6, 4 என்றாலும் சரி, 9, 1 என்றாலும் சரி, 12.5, −2.5 என்றாலும் சரிதான். எழுதிக்கொண்டே போகலாம், முடியாது. கூடவே இன்னொரு துப்புக் கொடுக்கிறேன்: பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்தால் 4. இப்போது 7, 3 தவிர வேறு எதுவும் பொருந்தாது.

இந்த இரண்டாவது துப்புக்குப் பதிலாக, "ஒவ்வொன்றையும் இரட்டித்துக் கூட்டினால் 20" என்று சொல்லியிருந்தால்? புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. பழைய செய்தியையே வேறு சட்டை போட்டு அனுப்பியிருக்கிறேன். "ஒவ்வொன்றையும் இரட்டித்துக் கூட்டினால் 24" என்றால்? அப்படிப்பட்ட எண்களே கிடையாது. கூட்டுத்தொகை 10 என்று ஏற்றுக்கொண்ட பிறகு இரட்டித்தால் 20-தான் வரும், 24 வர வழியே இல்லை.

தெரியாத எண்களை (மாறிகளை) க, ச என்று வைத்துக்கொள்வோம். க + ச = 10, க − ச = 4 என்பது போல ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டிய பல சமன்பாடுகளைச் சேர்த்துச் சமன்பாட்டுத் தொகுப்பு என்கிறோம். எல்லாவற்றையும் ஒருசேர நிறைவு செய்யும் எண்களின் ஜோடிதான் தீர்வு. (7, 3) என்பது ஒரு தீர்வு. இரண்டு எண்கள் இருப்பதால் இரண்டு தீர்வு என்று எண்ணிவிடக் கூடாது.

மேலே பார்த்த சமன்பாடுகள் நேரியவை. அதாவது க, ச ஆகியவை ஏதாவது எண்ணால் பெருக்கப்பட்டுக் கூட்டப்படுகின்றன, அவ்வளவுதான். வர்க்கம் இல்லை, க-வை ச-வால் பெருக்குவது இல்லை. இத்தகைய தொகுப்புக்குத் தீர்வே இல்லாமல் போகலாம், ஒரே ஒரு தீர்வு இருக்கலாம், எண்ணற்ற தீர்வுகள் இருக்கலாம். பாடப்புத்தகம் இந்த மூன்றையும் சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடும். ஆனால் உண்மையில் சுவையான கேள்வி அதன் பிறகுதான் வருகிறது. சரியாக இரண்டு தீர்வுகள் ஏன் இருக்கக் கூடாது? ஏழு ஏன் கூடாது? அதற்குப் போகும் முன் படத்தைப் பார்த்துவிடலாம்.

கோடுகளாகப் பார்த்தால்

க + ச = 10 என்பதை நிறைவு செய்யும் எல்லா ஜோடிகளையும் வரைபடத்தாளில் புள்ளிகளாக வைத்தால் அவை ஒரு நேர்கோட்டில் விழும். க − ச = 4 இன்னொரு நேர்கோடு. இரண்டுக்கும் பொதுவான புள்ளிதான் தீர்வு. ஒரு தாளில் இரண்டு நேர்கோடுகள் இருந்தால் ஒன்றையொன்று ஒரு புள்ளியில் வெட்டும்; அல்லது இணையாகவே போய் எங்கேயும் சந்திக்காது; அல்லது ஒன்றின் மேல் ஒன்று முழுதாகப் பொருந்திவிடும். நேர்கோடு வளையாது. ஒருமுறை வெட்டிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி வெட்ட அதனால் முடியாது. இரண்டு மாறிகள் மட்டும் என்றால் நம் கேள்விக்கு இதுவே பதில்.

படம் வரையாமல் கண்டுபிடிக்க நீக்கல் முறை இருக்கிறது. 2க + 3ச = 12, 4க + 5ச = 22 என்ற தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதை இரட்டித்தால் 4க + 6ச = 24. அதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ச = 2. அப்புறம் க = 3. வேலை முடிந்தது.

இரண்டாவது சமன்பாடு 4க + 6ச = 24 என்று இருந்திருந்தால், கழித்த பிறகு 0 = 0 என்று மிஞ்சும். அது பொய் அல்ல, ஆனால் அதில் செய்தியும் இல்லை. இரண்டாவது சமன்பாடு முதலாவதன் நகல் என்று தெரிகிறது. அதுவே 4க + 6ச = 18 என்று இருந்திருந்தால் 0 = 6 என்று வரும். இந்த இடத்தில்தான் பல மாணவர்கள் கணக்கில் எங்கோ பிசகிவிட்டது என்று அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பிசகவில்லை. க, ச என்று ஒரு ஜோடி இருப்பதாக வைத்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் கூட்டிக் கழித்தோம். அந்த எண்ணம் நம்மை 0 = 6 என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது என்றால், அப்படி ஒரு ஜோடி இல்லை என்று பொருள். 0 = 6 ஒரு முழுமையான விடை.

கெழுக்களை, அதாவது மாறிகளைப் பெருக்கும் எண்களை, மட்டும் பார்த்துச் சொல்லும் குறுக்குவழியும் உண்டு. முதல் சமன்பாட்டில் க-வின் கெழுவையும் இரண்டாவதில் ச-வின் கெழுவையும் பெருக்கி, குறுக்கே உள்ள மற்ற இரண்டின் பெருக்கலைக் கழிக்க வேண்டும். மேலே உள்ள முதல் தொகுப்பில் 2 × 5 − 3 × 4 = −2. இதற்கு அணிக்கோவை என்று பெயர். அது பூச்சியம் இல்லையென்றால் ஒரே ஒரு தீர்வு உறுதி. பூச்சியம் என்றால் தீர்வே இல்லை என்று சிலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், அது தவறு. மேலே உள்ள நகல் தொகுப்பிலும் முரண்பட்ட தொகுப்பிலும் அணிக்கோவை 2 × 6 − 3 × 4, அதாவது பூச்சியம்தான். ஒன்றில் எண்ணற்ற தீர்வுகள், மற்றதில் ஒன்றுமே இல்லை. எது எது என்று அறிய வலப்பக்கத்து எண்களையும் பார்த்தாக வேண்டும்.

சரி, ஏன் இரண்டு இல்லை?

மாறிகள் மூன்று, முப்பது, மூவாயிரம் என்று போகும்போது கோடுகளை வரைந்து பார்க்க முடியாது. ஆனாலும் அதே மூன்று நிலைகள்தான். இதற்கான காரணம் மிக எளிமையானது. நேரியல் கணிதத்தின் முக்கால்வாசி இந்த ஒரு கருத்துக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

2க + 3ச = 12 என்ற ஒற்றைச் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். (3, 2) ஒரு தீர்வு: 6 + 6 = 12. (0, 4) இன்னொன்று: 0 + 12 = 12. முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதற்குப் போக க-வில் 3 குறைய வேண்டும், ச-வில் 2 கூட வேண்டும். இந்த நகர்வால் இடப்பக்கத்தில் என்ன மாறுகிறது? 2 × (−3) + 3 × 2 = 0. ஒன்றும் மாறவில்லை. க குறைந்ததால் இழந்ததை ச கூடியது சரிக்கட்டிவிட்டது.

அப்படியானால் இந்த நகர்வைப் பாதி மட்டும் செய்தால்? பூச்சியத்தில் பாதி பூச்சியம். (1.5, 3) வருகிறது; 3 + 9 = 12, பொருந்துகிறது. எதிர்த்திசையில் ஒருமுறை நகர்ந்தால் (6, 0). இரண்டுமுறை நகர்ந்தால் (9, −2); 18 − 6 = 12, அதுவும் பொருந்துகிறது. இந்த நகர்வை எந்த எண்ணால் பெருக்கிச் சேர்த்தாலும் இடப்பக்கம் அசையாது.

இப்போது எண்பது மாறிகளில் ஐம்பது நேரிய சமன்பாடுகள் இருப்பதாகவும், அந்தத் தொகுப்புக்கு வெவ்வேறான இரண்டு தீர்வுகள் கிடைத்துவிட்டதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சமன்பாட்டிலும் இரண்டு தீர்வுகளும் ஒரே வலப்பக்கத்தைத்தான் தருகின்றன. ஆகவே ஒரு தீர்விலிருந்து மற்றதற்குப் போகும் நகர்வு, ஐம்பது சமன்பாடுகளிலும் பூச்சிய மாற்றத்தையே உண்டாக்குகிறது. அதில் பாதி, கால், ஆயிரம் மடங்கு, எதைச் சேர்த்தாலும் புதிய தீர்வு. இரண்டு தீர்வுகள் கிடைத்த அந்த நொடியே, அவற்றை இணைத்து இருபுறமும் முடிவின்றி நீளும் கோடு முழுவதும் தீர்வாகிவிடுகிறது. சரியாக இரண்டு, சரியாக ஏழு என்பதற்கு இடமே இல்லை. ஒன்றைத் தாண்டினால் எண்ணற்றவைதான்.

எண்ணற்ற தீர்வுகள் என்றால் எதை எழுதினாலும் சரி என்று பொருள் அல்ல. தேர்வுத்தாளில் அடிக்கடி காணும் குழப்பம் இது. க + ச = 10, 2க + 2ச = 20 என்ற தொகுப்புக்கு (3, 7) தீர்வு; (3, 8) தீர்வு அல்ல. தாள் முழுக்கப் புள்ளிகள் கிடக்க, ஒரு கோட்டில் உள்ளவை மட்டும் தேறுகின்றன. க-வை நம் விருப்பத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்த பிறகு ச = 10 − க என்று கட்டுப்பட்டுவிடுகிறது. மாறிகள் மூன்று என்றால், எண்ணற்ற தீர்வுகள் ஒரு கோடாகவும் இருக்கலாம், ஒரு முழுத் தளமாகவும் இருக்கலாம். விருப்பம்போல் எடுக்கக்கூடிய மாறி ஒன்று என்றால் கோடு, இரண்டு என்றால் தளம்.

எண்ணிக்கையை நம்பலாமா?

"மாறிகள் எத்தனையோ அத்தனை சமன்பாடுகள் இருந்தால் போதும்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. க, ச, த என்ற மூன்று எண்களுக்கு இந்த மூன்று நிபந்தனைகளைப் பாருங்கள்:

க − ச = 1
ச − த = 1
த − க = 1

க, ச-வை விட ஒன்று கூட. ச, த-வை விட ஒன்று கூட. த, க-வை விட ஒன்று கூட. சுற்றிச் சுற்றி எல்லாரும் எல்லாரையும் விட உயரம்! மூன்றையும் கூட்டினால் 0 = 3. தீர்வு இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, எந்த இரண்டை எடுத்தாலும் சண்டை இல்லை. அவற்றுக்கு எண்ணற்ற பொதுத் தீர்வுகள் உண்டு. மூன்றும் ஒன்றுசேரும்போதுதான் முரண்படுகின்றன. மூன்று மாறிகளில் ஒரு நேரிய சமன்பாடு முப்பரிமாண வெளியில் ஒரு தளம். இங்கே மூன்று தளங்களும் இரண்டிரண்டாக வெட்டிக்கொள்கின்றன, ஆனால் முக்கோணப் பட்டகத்தின் மூன்று பக்கச் சுவர்களைப் போல நிற்பதால் மூன்றுக்கும் பொதுவான புள்ளி அமையவில்லை. கடைசிச் சமன்பாட்டை மட்டும் த − க = −2 என்று மாற்றிப் பாருங்கள். கூட்டினால் 0 = 0. (3, 2, 1), (10, 9, 8) என்று தீர்வுகள் கொட்டும்.

மறுபக்கம், சமன்பாடுகள் மாறிகளை விட அதிகமாக இருந்தாலும் ஒரே தீர்வு இருக்கலாம். க + ச = 10, க − ச = 4, 2க = 14. மூன்றாவது முதல் இரண்டின் கூட்டுத்தொகை, புதிதாக எதுவும் சொல்லவில்லை. நீக்கும்போது இங்கேயும் 0 = 0 வரும், ஆனால் தீர்வு (7, 3) ஒன்றுதான். அதனால் 0 = 0 கண்டவுடன் "எண்ணற்றவை" என்று எழுதிவிடக் கூடாது. வெற்றுச் சமன்பாடுகளைத் தள்ளிவிட்டு, உண்மையிலேயே தனித்த செய்தி சொல்பவை எத்தனை என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைக்குத் தரம் என்று பெயர். முரண்பாடு இல்லாத தொகுப்பில் மாறிகளின் எண்ணிக்கையிலிருந்து தரத்தைக் கழித்தால், விருப்பம்போல் எடுக்கக்கூடிய மாறிகளின் எண்ணிக்கை கிடைக்கும். அது பூச்சியமானால் ஒரே தீர்வு.

சமன்பாடுகள் மாறிகளை விடக் குறைவாக இருந்தால் மட்டும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: ஒரே ஒரு தீர்வு என்பது நடக்காது. ஒன்றுமில்லை, அல்லது எண்ணற்றவை. இதற்கு மிகப் பழைய உதாரணம் சீனாவில் இருக்கிறது. 'ஒன்பது அத்தியாயங்கள்' என்று அழைக்கப்படும் கணித நூல் சுமார் 2,000 ஆண்டுகள் பழையது. அதன் எட்டாம் அத்தியாயம் முழுவதும் நேரிய சமன்பாட்டுத் தொகுப்புகளைப் பற்றியது. எண்ணும் குச்சிகளைப் பலகையில் வரிசையாக அடுக்கி, இன்று நாம் செய்யும் அதே நீக்கல் வேலையை அவர்கள் செய்தார்கள். அதில் ஒரு கிணற்றுக் கணக்கு வருகிறது. ஐந்து குடும்பங்களுக்கு ஒரே கிணறு. முதல் குடும்பத்தின் இரண்டு கயிறுகளோடு இரண்டாம் குடும்பத்தின் ஒரு கயிற்றைச் சேர்த்தால் ஆழம் எட்டும். இரண்டாம் குடும்பத்தின் மூன்றோடு மூன்றாம் குடும்பத்தின் ஒன்று. இப்படியே போய், ஐந்தாம் குடும்பத்தின் ஆறோடு முதல் குடும்பத்தின் ஒன்று. தெரியாதவை ஐந்து கயிற்று நீளங்களும் கிணற்றின் ஆழமும், மொத்தம் ஆறு. சமன்பாடுகள் ஐந்துதான்.

நூல் தரும் விடை: ஆழம் 721, கயிறுகள் 265, 191, 148, 129, 76. சரிபார்க்கலாம்: 2 × 265 + 191 = 721; 6 × 76 + 265 = 721. ஆனால் எல்லாவற்றையும் இரட்டித்தாலும் பொருந்தும், பாதியாக்கினாலும் பொருந்தும். நூல் சொன்னது எண்ணற்ற தீர்வுகளில் ஒன்று. கி.பி. 263-இல் இந்த நூலுக்கு உரை எழுதிய லியூ ஹூயி, இவை விகிதங்கள் மட்டுமே என்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

எழுத்தில் மூன்று நிலைகளும் தெளிவாகப் பிரிந்து நின்றாலும், அளவெடுத்த எண்களோடு வேலை செய்யும்போது எல்லைக்கோடு மங்கலாகிவிடும். க + ச = 2, க + 1.001ச = 2.001 என்பதன் ஒரே தீர்வு (1, 1). வலப்பக்கத்து 2.001-ஐ 2.002 என்று மாற்றினால் தீர்வு (0, 2) என்று தாவிவிடுகிறது. கோடுகள் கிட்டத்தட்ட இணையாக இருப்பதால், ஒன்றை மயிரிழை நகர்த்தினாலும் வெட்டுப்புள்ளி வெகுதூரம் ஓடுகிறது. அணிக்கோவை 0.001; பூச்சியம் இல்லைதான், ஆனாலும் அந்த "ஒரே தீர்வை" நம்பி எதையும் கட்ட எனக்குத் துணிவு வராது.

வளைந்தால் கதை வேறு

வர்க்கங்கள் உள்ளே நுழைந்துவிட்டால் மூன்று நிலை விதி உடைந்துவிடும். க² + ச² = 25 என்பது 5 ஆரமுள்ள வட்டம். அதை ச = 3 என்ற கோடு (4, 3), (−4, 3) என்ற இரண்டு புள்ளிகளில் வெட்டுகிறது. சரியாக இரண்டு. நடுப்புள்ளி (0, 3)-ஐப் போட்டுப் பாருங்கள்: 0 + 9, 25 அல்ல. இரண்டு தீர்வுகளுக்கு இடையே நகரும் தந்திரம் இங்கே பலிக்கவில்லை, ஏனென்றால் வர்க்கத்தில் பாதி தூரம் போனால் பாதி மாற்றம் வருவதில்லை.

கோட்டுக்குப் பதிலாக ஒரு பரவளையத்தை எடுத்து மெல்லக் கீழே இறக்கினால் இன்னும் வேடிக்கை. ச = க² + 6 வட்டத்துக்கு மேலேயே நிற்கிறது, தீர்வு இல்லை. ச = க² + 5 வட்டத்தின் உச்சியை (0, 5) என்ற புள்ளியில் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஒரு தீர்வு. ச = க² என்றால் இரண்டு. ச = க² − 5 என்றால் (3, 4), (−3, 4), (0, −5) என்று மூன்று. ச = க² − 13 என்றால் (4, 3), (−4, 3), (3, −4), (−3, −4) என்று நான்கு. ஐந்து கிடைக்குமா? கிடைக்காது. இரண்டு வளைவரைகளுக்கும் பொதுவான பகுதி எதுவும் இல்லையென்றால், வெட்டுப்புள்ளிகள் அவற்றின் படிகளின் பெருக்கலைத் தாண்டாது. இங்கே இரண்டு சமன்பாடுகளிலும் வர்க்கமே மிக உயர்ந்தது, அதாவது படி 2; ஆகவே 2 × 2 = 4. 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எத்தியேன் பெசூவின் பெயரால் இந்தத் தேற்றம் அழைக்கப்படுகிறது. இரண்டு கோடுகளுக்கு 1 × 1 = 1 என்பதும் இதற்குள் அடங்கிவிடுகிறது, பாருங்கள்.

வளைவே இல்லாமலும் எண்ணிக்கையை மாற்ற ஒரு வழி இருக்கிறது: எந்த வகை எண்களை ஏற்றுக்கொள்வோம் என்பதைக் கட்டுப்படுத்துவது. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜாங் ச்யூஜியன் என்ற சீனக் கணிதவியலாளரின் நூறு பறவைக் கணக்கு புகழ்பெற்றது. ஒரு சேவல் 5 காசு, ஒரு பெட்டை 3 காசு, மூன்று குஞ்சுகள் 1 காசு. 100 காசுக்கு 100 பறவைகள் வாங்க வேண்டும். சேவல் க, பெட்டை ச, குஞ்சு த என்றால், க + ச + த = 100; 5க + 3ச + த/3 = 100 என்ற விலைச் சமன்பாட்டை மூன்றால் பெருக்கினால் 15க + 9ச + த = 300. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் 7க + 4ச = 100.

மூன்று மாறிகள், இரண்டு சமன்பாடுகள். பின்ன எண்களையும் எதிர்ம எண்களையும் அனுமதித்தால் எண்ணற்ற தீர்வுகள். ஆனால் அரைப் பெட்டையை யார் விற்பார்கள்? முழு எண்களில் தேடினால் (0, 25, 75), (4, 18, 78), (8, 11, 81), (12, 4, 84) என்ற நான்குதான் தேறும். சேவலே இல்லாத முதலாவதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் ஜாங் தந்திருக்கிறார். நாம் முன்பு பார்த்த நகர்வு இங்கேயும் இருக்கிறது: ஒவ்வொரு முறையும் சேவல் 4 கூடுகிறது, பெட்டை 7 குறைகிறது, குஞ்சு 3 கூடுகிறது. அதில் பாதி நகர்ந்தால் 3.5 பெட்டை குறைய வேண்டும், அது முடியாது. முழுதாக இன்னொரு முறை நகர்ந்தால் 16 சேவலும் 87 குஞ்சும் வருகின்றன, கூடவே −3 பெட்டையும்.